வானத்துக் கண்ணும் மண்ணிற் பிறந்த கைவினையும்

விண்வெளித் தொலைகாட்டி என்றவுடன் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவது ஒரு பெயர். அடுத்து எழுவது ஓர் ஆண்டு. ஹபிள், 1990, ஜேம்ஸ் வெப், 2021. மாணவனும் இவற்றை மனனஞ் செய்து, விடைத்தாளில் எழுதிப் புள்ளி பெற்றுவிடுகிறான். ஆயின் எட்வின் ஹபிள் என்னும் வானியலறிஞர் 1953ஆம் ஆண்டிலேயே மறைந்தார். முதற் செய்மதி விண்ணேறியதோ 1957இல். வெப் என்பவர் விஞ்ஞானியே அல்லர்; 1961 முதல் 1968 வரை நாசா நிறுவனத்தை நிருவகித்தவர். அவ்வாறாயின் இக்கருவிகளை ஆக்கியோர் யாவர்?

விடை ஒரு தொழிலாளியின் கடையிலே தொடங்குகிறது. ஒல்லாந்து தேசத்து மிடில்பேர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்து விற்ற ஹான்ஸ் லிப்பர்ஹே, 1608ஆம் ஆண்டில் தொலைகாட்டிக்கு ஆக்கவுரிமை கோரினார். மறுவருடம் கலிலியோ, தம் கையாலேயே வில்லைகளைத் தேய்த்து, அக்கருவியை மேம்படுத்தி வானை நோக்கினார். வில்லை நிறங்களைச் சிதறச் செய்யும் குறையைக் கண்ட நியூற்றன், 1668இல் வில்லைக்குப் பதிலாக உலோக ஆடியை அமைத்தார். உலோகமோ விரைவில் மங்கும். 1835இல் ஜேர்மானிய இரசாயன அறிஞர் லீபிக், கண்ணாடியின்மீது வெள்ளி படியச் செய்யும் வழியைக் கண்டார். 1850களில் பிரெஞ்சு அறிஞர் பூக்கோ அத்தகைய வெள்ளி பூசிய ஆடிகளைத் தொலைகாட்டிக்கு ஆக்கினார். ஹபிளின் 2.4 மீற்றர் ஆடியும் அந்தக் குலத்ததே. வெள்ளியின் இடத்தில் அலுமினியம் பூசப்பெற்றது என்பதே வேற்றுமை.

சங்கீதத்தைத் தொழிலாகக் கொண்டிருந்த வில்லியம் ஹேர்ஷல், தாமே ஆடிகளை வார்த்து மெருகிட்டு வானியலறிஞரானவர். 1800ஆம் ஆண்டில் அவர் அரியத்தாற் பிரித்த சூரிய ஒளியில் வெப்பமானியை வைத்தபோது, சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத இடத்திலும் வெப்பம் ஏறக் கண்டார். அந்தச் செந்நிறக்கீழ்க் கதிர்களைத் திரட்டவே, வெப் தொலைகாட்டியின் பதினெட்டு ஆடித்துண்டுகளுக்கும் பொன் பூசப்பட்டது.

போருக்கென ஆக்கப்பட்ட ஜேர்மனியின் வி-2 உந்துகணையே, 1946இல் அமெரிக்கரின் ஆய்வுக் கருவியைச் சுமந்து சென்று, வளிமண்டலம் நமக்கு மறைத்துவைத்த ஊதாக்கடந்த கதிர்களைப் பதிவு செய்தது. அதே ஆண்டில் லைமன் ஸ்பிற்சர், விண்வெளியில் தொலைகாட்டி அமைப்பதன் பயன்களை விரித்து அறிக்கை எழுதினார். 1969இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பொயிலும் சிமித்தும் ஞாபகக் கருவியொன்றை நாடித் திட்டமிட்ட சிலிக்கன் சில்லு, பின்னர் ஹபிளின் விழித்திரையாயிற்று. புகைப்படச் சுருளைப் பூமிக்கு இறக்க வேண்டிய தொல்லை அதனால் ஒழிந்தது.

“பாடத்திட்டம் ஏற்கனவே பெருஞ்சுமை, இப்பழங்கதை எதற்கு?” என்று கேட்போர் உளர். அவர்களுக்கு ஹபிளின் வரலாறே விடை கூறும். அதன் ஆடி விளிம்பிலே தலைமயிரின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்களவு பிழைபடத் தேய்க்கப்பட்டிருந்தது. அளவுக்கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீற்றர் விலகியிருந்தமையே காரணம். எளிய முறைகளில் நடந்த வேறு சோதனைகள் அப்பிழையைக் காட்டியும், அவை நுட்பம் குறைந்தவை என ஒதுக்கப்பட்டன. புதுக்கருவியின்மீது கொண்ட பெருநம்பிக்கை, பழைய முறைகள் சொன்ன உண்மையைக் கேட்கவிடவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, பிழை திருத்தும் சிற்றாடிகளைப் பொருத்தியபின்னரே படங்கள் தெளிந்தன. மூக்குக்கண்ணாடிக் கடையிற் பிறந்த கருவிக்கே இறுதியில் மூக்குக்கண்ணாடி வேண்டியதாயிற்று!

ஆசிரியப் பெருமக்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும். பெயரும் ஆண்டும் அறிந்த மாணவன் முடிந்த முடிபொன்றை அறிகிறான். எந்தக் குறை எந்த ஆக்கத்தைத் தூண்டிற்று என்பதை அறிந்தவனோ, அடுத்த குறையைத் தானே தேடப் புறப்படுவான். நூலைப் படிப்பவன் உயர்ந்தவன், கண்ணாடி தேய்ப்பவன் தாழ்ந்தவன் என்னும் மனப்பான்மை நிலவும்வரை, நாம் பிறர் கண்ட வானத்தையே படத்திற் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டு வில்லைகளையும் ஒரு கடதாசிக் குழாயையும் மாணவன் கையிற் கொடுத்து, நிலவை நோக்கச் செய்யுங்கள். எப்போது, எவர் என்னும் வினாக்களோடு, ஏன் என்னும் வினாவும் நம் பரீட்சைத் தாள்களில் இடம்பெறட்டும்.