பங்காரு இல்லீங்க, பங்கார்!

மராத்தியில 'பங்கார்'னு ஒரு வார்த்தை இருக்கு. முதல் தடவை காதுல விழுந்தப்போ எனக்கு ஒரே குஷி. தஞ்சாவூர்க்காரனுக்குப் பங்காருன்னா காமாட்சி, பங்காருன்னா தங்கம். அதுவும் எங்க சொசைட்டி செக்ரட்டரி என் ஃபியட் காரைப் பார்த்து, "துமச்சி காடி பங்கார் ஜாலி ஆஹே"ன்னு சொன்னாரா, தங்கம்ங்கறாரு, ஜாலின்னு வேற சொல்றாரேன்னு பல்லைக் காட்டிக்கிட்டு "தேங்க்யூ காகா"ன்னுட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னா தங்கமணி விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. பங்கார்னா காயலாங்கடைச் சரக்காம். 'உங்க வண்டி ஓட்டை உடைசல் ஆயிடுச்சு'ன்னு சொல்லியிருக்காரு மனுஷன் :-)

சிரிப்பெல்லாம் அன்னியோட சரி. ரெண்டு மாசம் கழிச்சு லெட்டர் வந்துச்சு. '15 வருஷத்துக்கு மேற்பட்ட எந்த வண்டியும் சொசைட்டி வளாகத்துக்குள்ள நிறுத்தக் கூடாது. அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம்.' பொதுக்குழு வர்ற மாசம். அதுக்கு முன்னாடி மனசுல இருக்கிறதைக் கொட்டிடறேன். திட்டு ரெண்டு பக்கமும் விழும், இப்பவே சொல்லிட்டேன்.

வண்டி 1978 மாடல் பிரீமியர் பத்மினி. மும்பை குர்லாவில் செஞ்சது. 1089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங் பக்கத்துல கியர். 1985-ல அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார். நான் ஸ்கூல் போனது, அக்கா கல்யாண ஊர்வலம், தாத்தாவைக் கடைசியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது எல்லாம் அதுலதான். 2019-ல அப்பா போனதும், விக்க மனசு வராம லாரியில ஏத்திப் புனேக்குக் கொண்டுவந்தேன். வேற மாநில வண்டின்னா 12 மாசத்துக்குள்ள இங்க மறுபதிவு பண்ணணும். ஊர் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி., இங்க வரி, பழைய வண்டிக்குத் தனியா சுற்றுச்சூழல் வரி, எல்லாம் கட்டினேன். அப்பா வாயில மனப்பாடமா இருந்த மூணெழுத்துப் பழைய நம்பர் போய் எம்.எச். 12 வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. அப்படிப்பட்ட வண்டி.

லெட்டர் விஷயம் தெரிஞ்சதும் இங்க இருக்கிற நம்மாளுங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "மதராசின்னு ஒதுக்கறாங்க சார்." "வக்கீல் நோட்டீஸ் விடுங்க." "அவங்க கணபதிக்குப் பத்து நாள் டோல் அடிக்கலாம், நாம காரை ஸ்டார்ட் பண்ணக் கூடாதா?"

மக்களே, 20 வருஷமா வங்கியில ட்ரான்ஸ்ஃபர் ட்ரான்ஸ்ஃபரா போபால், கல்கத்தா, புனேன்னு குப்பை கொட்டறேன். பக்கத்து வீட்டுக்காரன் எது சொன்னாலும் அதுல மொழியைத் தேடற வியாதி நமக்கு நல்லாவே இருக்கு. நிஜமாவே மொழியை வச்சு அவமானப்படுத்தினவங்களை நானும் பார்த்திருக்கேன், இல்லைங்கலை. ஆனா எதுக்கெடுத்தாலும் 'மதராசி'ன்னு சொல்லிக்கிட்டா ஒரு வசதி இருக்கு: நம்ம தப்பை நாம பார்க்கவே வேணாம்.

என் தப்பை நானே சொல்லிடறேன்.

முதல் தப்பு: பார்ட்ஸுக்காக இன்னொரு பத்மினி வாங்கினேன். ஓடாத வண்டி. கதவு, கண்ணாடி, கியர்பாக்ஸ்னு தேவைப்படறப்போ பிடுங்கிக்கலாம்னு கணக்கு. அது ரெண்டு வருஷம் விருந்தாளிங்க பார்க்கிங்ல, நாலு டயரும் காத்து இறங்கி, பூனை குட்டி போட்டுக் கிடந்துச்சு. 84 வீட்டுக்கு விருந்தாளி இடம் ஆறே ஆறு. அதுல ஒண்ணு என் பொழுதுபோக்குக்கு. பில்டிங்குக்குக் கீழே இருக்கிற ஸ்டில்ட் பார்க்கிங்கை பில்டரே தனியா விக்க முடியாது, அது எல்லாருக்கும் பொதுன்னு 2010-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. விக்கவே முடியாத பொது இடத்தை நான் சும்மா வளைச்சுப் போட்டிருந்தேன்.

ரெண்டாவது தப்பு: எண்ணெய். பழைய இன்ஜின் சொட்டும். நான் அட்டையைப் போட்டுட்டு, 'பத்மினின்னா சொட்டத்தான் செய்யும்'னு ஜோக் அடிச்சுக்கிட்டிருந்தேன். காலையில பால் வாங்க வந்த ஒரு அம்மா அதுல வழுக்கி விழப் பார்த்தாங்க.

மூணாவதுதான் பெருசு. ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்குச் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிஷம் நின்ன இடத்துலயே ஓட விடுவேன். சோக் இழுத்தா பெட்ரோல் கூடுதலாப் போகும், பாதி எரியாம புகையாத்தான் வெளிய வரும். அந்த வாசனை எனக்கு அப்பா வாசனை. நேர் மேலே முதல் மாடியில ஒரு ஆஜோபா இருக்காரு, ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். மூச்சு வாங்கும், இன்ஹேலர் இல்லாம இருக்க மாட்டார். ஞாயித்துக்கிழமை ஆறே முக்காலுக்கே அவர் மருமக எழுந்து ஜன்னலையெல்லாம் சாத்துவாங்களாம். ரெண்டு வருஷம் சாத்தியிருக்காங்க. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லலை. கமிட்டி மீட்டிங்ல வேற யாரோ சொல்லித்தான் எனக்கே தெரியும்.

தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். வேற என்ன செய்ய?

பழைய கார் வச்சிருக்கிற நண்பர்கள் "பி.யு.சி. சர்ட்டிஃபிகேட் இருக்கில்ல, அப்புறம் என்ன?"ன்னு கேப்பாங்க. நானும் அப்படித்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். அந்தச் சர்ட்டிஃபிகேட்டை ஒழுங்காப் படிங்க சாமிகளா. 2000-க்கு முந்தின பெட்ரோல் காருக்கு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரைக்கும் பாஸ். பி.எஸ். 4, பி.எஸ். 6 காருக்கு 0.3 சதவீதம். அதாவது என் வண்டி 'பாஸ்' ஆகும்போதே புது வண்டியை விடப் பத்து மடங்கு விட அனுமதி. எரியாத பெட்ரோல் கணக்கும் 200-க்கு எதிரா 1500. பாஸ் மார்க்கே வேற வேற. ஆஜோபாவோட நுரையீரலுக்கு என் வண்டி எந்த வருஷத்து மாடல்னு தெரியுமா?

இன்னொண்ணு. இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அது பழைய ரப்பர் ஹோஸை உப்ப வச்சு விரிசல் விட வைக்கும், ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். மேல 84 குடும்பம் தூங்குது, கீழே பெட்ரோல் கசியுதுன்னா அது ஹாபி இல்லை, குற்றம். எத்தனால் தாங்கற ஹோஸ் கிடைக்குது, மாத்திக்குங்க. இதைக்கூடச் செய்யாதவன் 'பாரம்பரியம்'னு பேசக் கூடாது.

சரி, என்னைத் திட்டி முடிச்சாச்சு. இப்ப கமிட்டி பக்கம் வர்றேன்.

நான் பி.காம். படிச்சவன், கடன் கொடுத்து வசூல் பண்றவன். வங்கியில ஒரு கடன் எப்ப வாராக்கடன் ஆகும்? பழசானா ஆகாது. 20 வருஷ வீட்டுக்கடன் பத்தொன்பதாம் வருஷத்துலயும் தவணை ஒழுங்கா வந்தா நல்ல கடன்தான். போன வருஷம் கொடுத்த கடன்ல 90 நாளுக்கு மேல தவணை நின்னா அது வாராக்கடன். தேதியைப் பார்த்து முத்திரை குத்தறதில்லை, நடத்தையைப் பார்த்துத்தான். வண்டிக்கு மட்டும் ஏன் சாமி பிறந்த தேதி?

சட்டமும் அப்படிச் சொல்லலை. சொந்த உபயோக காருக்கு 15 வருஷம் முடிஞ்சா, தகுதிச் சோதனை பண்ணி அஞ்சு அஞ்சு வருஷமா ஆர்.சி. புதுப்பிக்கலாம். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 600-லிருந்து 5,000 ஆச்சு. 2025-ல 20 வயசு தாண்டின காருக்கு 10,000 ஆக்கினாங்க. வலிக்குது, ஆனா கட்டறோம். 2021 விதிப்படி விண்டேஜ்னு பதிவு பண்ணணும்னா 50 வயசு ஆகணும். என் வண்டிக்கு ஆகலை. ஆனாலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இப்படித்தான் ரோட்டுல எடுக்கலாம்.

செக்ரட்டரி கேட்டாரு, "மும்பையிலயே பத்மினி டாக்ஸியை நிறுத்திட்டாங்களே?" ஆமா, 2023 அக்டோபரோட நின்னுச்சு. அது 20 வருஷம்னு டாக்ஸிக்கு வச்ச வரம்பு. நாள் முழுக்க ஓடற டாக்ஸியும் ஞாயித்துக்கிழமை பாஷாண் வரைக்கும் போய்ட்டு வர்ற என் வண்டியும் ஒண்ணா? "டெல்லியில?"ன்னாரு. தலைநகர் வட்டாரத்துல 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயமும் 2018-ல உச்ச நீதிமன்றமும் வச்ச தடை அது. 2025 ஆகஸ்ட்ல அதே உச்ச நீதிமன்றம் வயசை மட்டும் வச்சு நடவடிக்கை வேணாம்னுச்சு. டிசம்பர்ல அந்தப் பாதுகாப்பு பி.எஸ். 4-ம் அதுக்குப் பிந்தினதுக்கும் மட்டும்னு சுருக்கிடுச்சு. கவனிச்சீங்களா? அளவுகோல் வயசுலேர்ந்து புகைக்கு நகர்ந்திருக்கு. டெல்லியில இருந்தா என் வண்டி அந்த அளவுகோல்ல தோத்துடும். ஆனாலும் சரியான அளவுகோல் அதுதான்னு நான் ஒத்துக்கறேன்.

இப்ப எங்க சொசைட்டியைப் பாருங்க. மூணு வருஷ வயசுள்ள எஸ்.யு.வி. ஒண்ணு, ஓனர் வெளிநாட்டுல, எட்டு மாசமா நகரலை. தூசியில பசங்க கிரிக்கெட் ஸ்கோர் எழுதறாங்க. அது பங்கார் இல்லையாம். ராத்திரி பதினொண்ணேகாலுக்கு ரிவர்ஸ் மியூசிக் போட்டு 84 வீட்டையும் எழுப்பற கார் ஒண்ணு. அதுவும் புதுசு. ரெண்டு ஸ்லாட்டை அடைச்சு நிக்கிற இன்னொண்ணு தவணைகூட முடியாத வண்டி. தீர்மானம் இவங்க யாரையும் தொடாது. அக்கம்பக்கத்துக்குத் தொல்லை குறையாது, பழைய வண்டி மட்டும் போயிடும்.

'மதராசி' பார்ட்டிக்கும் ஒரு பதில் வச்சிருக்கேன். தீர்மானம் நிறைவேறினா முதல்ல வெளிய போறது என் வண்டி மட்டும் இல்லை. முதல் மாடி ஆஜோபாவோட பஜாஜ் சேதக்கும் போகும். இதே ஊர்ல ஆகுர்டி ஃபேக்டரியில பொறந்த ஸ்கூட்டர். அவர் ஓட்டி வருஷக்கணக்காச்சு. ஆனா ஒவ்வொரு தசராவுக்கும் இறங்கி வந்து துடைச்சு சாமந்தி மாலை போடுவாரு. அக்மார்க் மராத்தி வண்டி. இதுல எங்க இருக்கு மொழி?

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். தங்கமணி கொடுத்தனுப்பின முறுக்கும் கொண்டுபோனேன். நான் பொதுக்குழுவுக்கு எழுதி வச்ச மாற்றுத் தீர்மானத்தைப் படிச்சுக் காட்டினேன்:

1. எந்த வயசு வண்டியா இருந்தாலும் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், பி.யு.சி. மூணும் உயிரோட இருக்கணும்.

2. 90 நாள் நகராத வண்டிக்கு நோட்டீஸ். 91-ஆம் நாள் தானா உருண்டு காட்டணும், இல்லேன்னா வெளிய. (வங்கிப் புத்தி, விடாது!)

3. தரையில எண்ணெய் சொட்டினா சுத்தம் பண்ற செலவு ஓனர் தலையில.

4. இன்ஜினைச் சூடு பண்றது, ட்யூன் பண்றது, பெயின்ட் அடிக்கிறது எதுவும் பில்டிங்குக்குக் கீழே கிடையாது. கேட்டுக்கு வெளிய தள்ளிக்கிட்டுப் போய் ஸ்டார்ட் பண்ணணும். ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை அதுவும் கூடாது.

5. கொடுத்த ஸ்லாட்டுக்குள்ள வண்டி மட்டும். பார்ட்ஸ் வண்டி, டயர் அடுக்கு, கதவு, பானெட் எதுவும் கூடாது.

ரெண்டாவதைப் படிச்சதும் ஆஜோபா சிரிச்சாரு. "இதுல என் சேதக்கே அடிபடுமே?"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, அதை நான் யோசிக்கவே இல்லை. "வேணும்னா மாத்திடறேன்"னேன். "மாத்தாதே. ஓடாத வண்டிக்கு நியாயம் கேக்கக் கூடாது. பேரன்கிட்ட சொல்லி ஓட வைக்கிறேன்"னுட்டாரு. மருமக டீ கொண்டுவந்து வச்சாங்க. ஜன்னல் திறந்திருந்துச்சு.

நான் இப்ப ஞாயித்துக்கிழமை வண்டியை நியூட்ரல்ல போட்டு, வாட்ச்மேனும் பையனும் தள்ள, கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுல போய்த்தான் சாவி போடறேன். இடுப்பு கழலுது. போகட்டும். எண்ணெய்க்குத் தகர ட்ரே வச்சாச்சு, ஹோஸெல்லாம் மாத்தியாச்சு. பார்ட்ஸ் வண்டியை, வேறென்ன, பங்கார்வாலாவுக்குப் போட்டாச்சு. அது நிஜமாவே பங்கார்தான்.

பழைய கார் வச்சிருக்கிற நம்மாளுங்களுக்குச் சொல்றேன்: உங்க ஞாபகத்துக்கு அடுத்த வீட்டுக்காரன் மூச்சால வாடகை கொடுக்கணும்னு அவசியமில்லை. கமிட்டிக்காரங்களுக்கும் சொல்றேன்: தொல்லையைப் பிடிங்க, வயசைப் பிடிக்காதீங்க. இன்னிக்கு 15 வருஷ வண்டி உங்களுக்குக் குப்பை. உங்க வீட்டு எஸ்.யு.வி.க்கும் ஒருநாள் 15 ஆகும். உங்களுக்கும் எனக்கும் 70 ஆகும்.

வர்ற மாசம் ஓட்டெடுப்பு. தோத்தா வண்டியை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியலை. ஜெயிச்சாலும், ஞாயித்துக்கிழமை காலையில தள்ளத்தான் போறேன்.