சிப் ரெடி சரி, கம்பைலர் ரெடியா?

'இந்தியாவிலேயே உருவான சிப்'னு செய்தி வந்தா உடனே ஷேர் பண்றோம். நல்லதுதான். ஆனா, அந்தச் சிப்புக்கு கம்பைலர் இருக்கான்னு எத்தனை பேர் கேட்கிறோம்?

மேட்டுப்பாளையம் மலை ரயிலை எடுத்துக்கோங்க. கல்லாறு தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த சட்டம் ஓடும். இன்ஜினின் பல்சக்கரம் அதில் சரியாகப் பொருந்தினால்தான் குன்னூர் ஏற முடியும். சிப்பும் அப்படித்தான். அதற்குப் புரியும் கட்டளைத் தொகுப்புதான் அந்தப் பல் சட்டம். நாம் எழுதும் புரோகிராமை அதற்குப் பொருந்தும்படி மாற்றித் தரும் கம்பைலர்தான் பல்சக்கரம்.

1971-ல் வந்த இன்டெல் 4004 சிப்பில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். 2020-ல் வந்த ஆப்பிள் எம்1-ல் 1,600 கோடி! இந்த வளர்ச்சி எல்லாருக்கும் தெரியும். கம்பைலரின் கதைதான் வெளியே தெரியல. 1957-ல் ஐபிஎம்மின் ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரான் கம்பைலரை வெளியிட்டது. கையால் எழுதும் கோடுக்கு நிகரான வேகம் அதில் கிடைக்குமான்னு அப்போ பலருக்குச் சந்தேகம். இன்னைக்கு கம்பைலர் இல்லாம ஒரு ஆப் கூட கிடையாது.

கம்பைலர் கைவிட்டா என்ன ஆகும்? 2001-ல் வந்த இன்டெல் இட்டானியம்தான் பாடம். எந்தெந்தக் கட்டளைகளை ஒரே நேரத்தில் ஓட்டலாம்னு முடிவு செய்யும் வேலையைப் பெருமளவு கம்பைலர் தலையில் கட்டினாங்க. எதிர்பார்த்த அளவுக்கு அதனால் செய்ய முடியல. பழைய மென்பொருளும் அதில் மெதுவாகத்தான் ஓடியது. 2021-ல் விற்பனையே முடிந்தது.

சென்னை ஐஐடியின் 'சக்தி' இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமான முடிவு எடுத்தது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தது. ஜிசிசி, எல்எல்விஎம் ஆகிய ஓப்பன் சோர்ஸ் கம்பைலர்கள் இரண்டும் அதற்கு உண்டு. எல்லாத்தையும் முதல்லேர்ந்து எழுத வேண்டியதில்லை. 2025-ல் இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய 'ஐரிஸ்' சிப்பும் சக்தி வழி வந்ததுதான்.

ஆனா, இருக்கிற கம்பைலர் போதும்னு உட்கார முடியாது. நம்ம சிப்பின் முழு வேகமும் வெளியே வரணும்னா, அதற்கேற்ப கம்பைலரைச் செதுக்க ஆள் வேணும். பல இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு கம்பைலர் டிசைன், அரியர் விழாம தாண்டினா போதும்கிற பேப்பர். கோவை கல்லூரிகள் அதை ப்ராஜெக்ட்டாக மாற்றலாம். எல்எல்விஎம்மில் ஒரு சின்ன பிழையைத் திருத்தி அனுப்பச் சொல்லலாம். கோடு எல்லாம் திறந்தே கிடக்கு. ஒரு லேப்டாப்பும் பொறுமையும் போதும்.

சிப் தொழிற்சாலைக்குப் பல்லாயிரம் கோடி வேணும். கம்பைலர் இன்ஜினீயரை உருவாக்க அவ்வளவு தேவையில்லை. அதையாவது இப்பவே தொடங்கலாமே!