க்ரீமா, ஸ்கை ப்ளூவா? பாட்டியைக் கேட்டீங்களா?

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் மழைக்காலத்துக்கு முன்பே பெயின்ட் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் பல வீடுகளில் உண்டு. ஷேட் கார்டு வந்ததும் பஞ்சாயத்தும் தொடங்கிவிடும். அம்மாவுக்கு க்ரீம் பிடிக்கும். மகனுக்கு ஸ்கை ப்ளூ. ஆனால், அந்த அறையில் இருக்கப்போவது பாட்டி. அவரை யாரும் கேட்பதில்லை!

இது வெறும் ரசனை விஷயம் இல்லை. வயதாக ஆக, கண்ணின் லென்ஸ் மெல்ல மஞ்சளாகி, நீல ஒளியைக் கூடுதலாகத் தடுக்கும். பேரனுக்குப் பளிச்சென்று தெரியும் வெளிர்நீலம், பாட்டிக்கு மங்கிய சாம்பலாகத் தெரியலாம். கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் சிலர், ‘எல்லாம் நீலமா தெரியுதே’ என்று வியப்பது இதனால்தான்.

புறநகர் அடுக்குமாடிகளில் இன்னொரு சிக்கல். பல வீடுகளில் ஜன்னலைத் திறந்தால், சில அடி தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். உள்ளே வருவதே கொஞ்சம் வெளிச்சம்தான். அங்கே எல்.ஆர்.வி என்ற எண் உதவும். ஒரு நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறது என்பதன் அளவு அது. கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100. இரண்டு ஷேடுக்கும் இந்த எண்ணைக் கடையில் கேட்கலாம். பெரும்பாலும் க்ரீம்தான் ஜெயிக்கும்.

ஆனால், க்ரீமிலும் ஒரு குறை. வெள்ளை சுவிட்ச் போர்டு அந்தச் சுவரோடு கலந்துவிடும். இரவில் எழுந்திருக்கும் பாட்டி தடவித் தடவித் தேட வேண்டியிருக்கும்.

கடையின் டியூப் லைட்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம். சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டு சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து, அறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் பாருங்கள். மஞ்சள் எல்.இ.டி பல்பில் நீலம் மங்கும். வெள்ளை பல்பில் க்ரீம் வெளிறும்.

சுவரில் ஓதம் இருந்தால் எந்த நிறமும் நிற்காது. ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி இருந்தால், முதலில் கசிவைச் சரிசெய்ய வேண்டும்.

பஞ்சாயத்துக்குத் தீர்ப்பா? மூன்று சுவருக்கு க்ரீம். சுவிட்ச் போர்டு இருக்கும் ஒரே சுவருக்குக் கொஞ்சம் அழுத்தமான நீலம். அம்மாவும் மகனும் சமாதானம். பாட்டியின் கைக்கு சுவிட்ச்சும் சட்டென்று கிடைக்கும். பெயின்டருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், அந்த சார்ட் பேப்பர்களைப் பாட்டியிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்!