பிள்ளையார் சுழிக்குக் கீழே

ஆண்டு பிறந்ததும் உரக்கடையிலிருந்தும் நகைக்கடையிலிருந்தும் நம் வீடுகளுக்கு டைரிகள் வந்து சேர்கின்றன. சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும் தை மாதத்தில் முதல் பத்துப் பக்கங்கள் நிரம்புகின்றன. மாசி பிறப்பதற்குள் அதே டைரி பால் கணக்குக்கும் சலவைக் கணக்குக்கும் போய்விடுகிறது. இந்தத் தோல்வியைப் பற்றி நண்பர்கள் கூடிப் பேசும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் தவறாமல் எழும். மனத்தையும் இறைநம்பிக்கையையும் நாள்தோறும் எழுதி வைப்பது மேலைநாட்டார் வழக்கம், அது நமக்கு ஒட்டாது என்பது ஒன்று. எழுதினால் மனம் அமைதி பெறும், ஆகவே நல்லதையும் நன்றியையும் மட்டும் எழுதப் பழகவேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் நாங்கள் ஏற்பதில்லை. காவிரிக் கரையில் இந்தப் பழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்திருக்கிறது. பால் கணக்குக்குப் போனதாக நாம் வருந்தும் அந்தப் பக்கங்களில்தான் அது இருந்திருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

எங்கள் நண்பர் ஒருவர், பாபநாசத்தை அடுத்த சிற்றூரில் இருந்த தம் பூர்வீக வீட்டை விற்கும் முன் பரணை ஒழித்தார். பழைய பேப்பர்காரரின் தராசில் ஏற இருந்த கட்டொன்றை ஏதோ தோன்றிப் பிரித்துப் பார்த்தார். அவருடைய பாட்டனாரின் கணக்கு நோட்டுகள் அவை. 1950களின் தொடக்கத்தில் எழுதப்பட்டவை. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. அதன்கீழ் தமிழ்த் தேதி, பிறகு வரவு, செலவு. நாற்றுப் பறித்த ஆட்களுக்குக் கூலி, வண்டிச் சத்தம், வாய்க்கால் வெட்டியதில் தம் பங்கு, ஆடிப்பெருக்குக்குக் காதோலை கருகமணி என்று வரிசை நீள்கிறது.

அவற்றின் நடுவே ஒரு நாள், வீட்டில் உடம்புக்கு என்று குறித்து, வைத்தீஸ்வரன்கோவிலுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த ஒன்றேகால் ரூபாய் செலவில் ஏறியிருக்கிறது. மனைவியின் பெயரை எழுதும் வழக்கம் அவருக்கு இல்லை. ‘வீட்டில்’ என்றால் மனைவி. அடுத்த நாட்களில் டாக்டருக்கு, மருந்துக்கு, கும்பகோணம் போய்வந்த வண்டிக்கு என்று செலவுகள். பன்னிரண்டாம் நாள் விறகு, வறட்டி, வெட்டியான் கூலி. முடிந்து வைத்த காசைக் கோயிலில் செலுத்தியதாக எந்தப் பதிவும் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு மூன்று பக்கங்களுக்குத் தலையில் சுழியும் இல்லை. கணக்கு மட்டும் காலணா பிசகாமல் ஓடுகிறது. நான்காம் பக்கத்தில், நடவு முடிந்த நாளன்று, சுழி மீண்டும் வருகிறது. ஏன் போயிற்று, ஏன் வந்தது என்று ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. தமக்கு அப்படியொரு முதல் பாட்டி இருந்ததே நண்பருக்கு அன்றுதான் தெரியும்.

இதனை ஒரு பக்தனின் நாட்குறிப்பு என்று சொல்ல நாங்கள் தயங்கமாட்டோம். அம்மனிதர் நாள் தவறாமல் சுழி போட்டவர். ஆகவேதான் போடாமல் விட்ட மூன்று பக்கங்கள் நம்மிடம் பேசுகின்றன. தோன்றியபோது மட்டும் எழுதுகிறவனின் மௌனத்துக்குப் பொருள் காண வழியில்லை. சோம்பலா, மறதியா, துக்கமா என்று யார் அறிவார்? அன்றாடப் பழக்கம் வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு முதற்காரணம் இதுவே. எழுதாமல் விடுவதும் ஒரு பதிவாக வேண்டுமானால் மற்ற நாட்களில் எழுதியிருக்கவேண்டும்.

இதற்கு நேர்மாறான நாட்குறிப்பு மரபும் இதே டெல்டாவில் உண்டு. டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டு சீகன்பால்கு வந்திறங்கினார். அவரும் அவருக்குப் பின் வந்த மிஷனரிகளும் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் எழுதி ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கு அனுப்பினர். 1710 முதல் அவை தொகுதி தொகுதியாக அச்சாகி, மிஷனுக்குப் பொருளுதவி செய்த அன்பர்களின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. தஞ்சையில் வாழ்ந்து 1798இல் மறைந்த சுவார்ட்ஸ் ஐயரின் எழுத்துகளும், தமிழ் உபதேசியார்கள் அளித்த அறிக்கைகளின் சாரமும் அவ்வழியே சென்றவைதாம். 18ஆம் நூற்றாண்டின் டெல்டாவை அறிய விரும்புவோர்க்கு அவை பெரும் புதையல் என்பதில் ஐயமில்லை.

ஆயினும், அச்சேறுமுன் ஹாலேயில் ஒரு கத்தரி காத்திருந்தது. ஊழியர்களுக்குள் நேர்ந்த பூசல்களும், ஆதரவாளர் மனத்துக்கு ஒவ்வாது என்று கருதப்பட்டவையும் வெட்டப்பட்டன. சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய நூல் 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. தொலைவில் ஒரு கத்தரி இருப்பதை அறிந்து எழுதுகிறவனின் விரல்களுக்கே அக்கத்தரி நாளடைவில் வந்துவிடுவது இயல்பு. அந்த ஊழியர்களைக் குறை கூற இதனைச் சொல்லவில்லை. ஆதரவாளரும் பதிப்பாளரும் இல்லாத நாமும் அப்படித்தான் எழுதுகிறோம் என்பதற்காகவே சொல்கிறோம்.

2004ஆம் ஆண்டை டெல்டாக்காரர்கள் மறக்க முடியாது. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் அளவில் வாரிக்கொண்டு போயிற்று. எங்களில் நால்வர் அவ்வாண்டு நாட்குறிப்பு எழுதிவந்தோம். அண்மையில் அந்த நோட்டுகளை எடுத்துவந்து ஒருவர் முன் ஒருவர் படித்தோம், வெட்கமாக இருந்தது. எங்களில் சைவரும் உண்டு, கிறித்தவரும் உண்டு, நாகூர்க்காரரும் உண்டு. ஆண்டவன் சித்தம், எல்லாம் அவன் செயல், ஆன்மாக்கள் சாந்தியடைக என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தோம். சொற்றொடர்கள்தாம் வேறு வேறு, ஒளிந்துகொண்ட விதம் ஒன்றே. அன்று எங்கள் உள்ளத்தில் எழுந்த கேள்வி என்னவென்பது எங்கள் நால்வருக்கும் நினைவிருக்கிறது. நால்வர் நோட்டிலும் அது இல்லை.

ஒருவர் நோட்டில் மட்டும், நீண்ட பிரார்த்தனையொன்றின் அடியில் இடம் மிஞ்சியதால் எழுதியதுபோல் ஒரு வரி இருந்தது. மறுநாள் காலை பால்காரர் பாலை அளந்து ஊற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டதையும், அம்மா அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்ததையும் அது சொல்லிற்று. இருபதாண்டுகளுக்கு மேல் கழிந்தபின் எங்களால் உரக்கப் படிக்க முடிந்தது அந்த ஒரு வரியைத்தான்.

ஐயத்தையும் கோபத்தையும் எழுதி வைத்தால் நம்பிக்கை கெடாதா என்று சிலர் கேட்கக்கூடும். நம் மரபு அவ்வாறு அஞ்சியதாகத் தெரியவில்லை. பார்வை இழந்த சுந்தரர் இறைவனோடு வாதாடியும் வசைபாடியும் கோயில் கோயிலாக நடந்தார் என்பதைப் பெரியபுராணம் படித்தோர் அறிவர். ஒரு கண் காஞ்சியில் கிடைத்தது, மறு கண் நம் திருவாரூரில். அந்த ஏசலை எவரும் தேவாரத்திலிருந்து வெட்டிவிடவில்லை. ஓதுவார்கள் இன்றும் சந்நிதியில் நின்றே பாடுகிறார்கள்.

நம் காலத்துச் சான்று வேண்டுமெனில் எம்.வி. வெங்கட்ராம் இருக்கிறார். கும்பகோணத்துச் சரிகை வணிகரான அவர், ஆண்டுக்கணக்கில் தம் செவிகளில் ஓயாது ஒலித்து வதைத்த குரல்களையே ‘காதுகள்’ என்னும் நாவலாக்கினார். 1993இல் அதற்குச் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. நாவலின் நாயகன் முருக பக்தன். அவன் காதில் விழுபவையோ ஆபாசமும் ஏளனமும். பக்தியைக் காப்பாற்றுவதற்காகக் குரல்களை மறைக்கவுமில்லை, குரல்களை நம்பவைப்பதற்காகப் பக்தியைக் கைவிடவுமில்லை. அது நாட்குறிப்பு அன்று, புனைவுதான். ஆனால் நாட்குறிப்பு எழுதுகிறவன் அதனிடம் பெறவேண்டிய துணிவு ஒன்று உண்டு. படைப்பு, அந்தரங்கம், பக்தி ஆகிய மூன்றும் தனித்தனி நோட்டுகளுக்கு உரியவை அல்ல என்பதை அந்த நாவலைப் படித்தபோதுதான் நாங்கள் உணர்ந்தோம்.

தினமும் ஸ்ரீராமஜெயம் எழுதும் பெரியவர்களை நாங்கள் அறிவோம், அவர்கள்மீது மதிப்பும் உண்டு. நூற்றெட்டு முறை ஒரே நாமத்தை எழுதுவது மனத்தை ஒரு முனையில் கட்டும் ஜபம். நாட்குறிப்பின் வேலை வேறு. நேற்றைய நாளிலிருந்து இன்றைய நாளைப் பிரித்துக் காட்டுவது அது. புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை, துய்ப்ளேக்ஸ் காலத்தின் தலைமைத் துபாஷாகவும் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, கப்பல் வந்ததையும் சரக்கின் விலையையும் நல்ல நேரம் பார்த்ததையும் ஒரே மூச்சில் எழுதிச் சென்றார். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தியும் அதே நோட்டில்தான் வருகிறது. தாம் பணிபுரியும் ஆட்சியே இடித்த கோயில் அது. வைணவரான அவர் அதை எழுதாமல் கடந்திருக்கலாம். ஆனால் அன்றாடம் எழுதும் பழக்கம் அவரை விடவில்லை.

ஆகவே, தொடங்க எண்ணும் வாசகர்களுக்கு எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம். விலையுயர்ந்த டைரி வேண்டாம், அது நல்ல வாக்கியங்களை எதிர்பார்க்கும். சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். கைப்பட எழுதுங்கள். முதலில் தேதி, அடுத்து அன்று கண்ணால் கண்டது: தண்ணீர், உடம்பு, வீடு, வாசலுக்கு வந்தவர். கடவுளிடம் சொல்ல ஏதேனும் இருந்தால் அதன்பின் எழுதுங்கள். இல்லையெனில் இல்லாததை வரவழைக்கவேண்டாம். எழுத வராத நாளில் தேதியையாவது எழுதி அடியில் இடம் விடுங்கள். யாரிடமும் காட்டும் எண்ணத்தோடு எழுதாதீர்கள், குறிப்பாக மெச்சுகிறவர்களிடம்.

எங்களில் உழவர் ஒருவர் பல ஆண்டுகளாக ஒரு தேதியைத் தவறாமல் குறித்துவருகிறார். மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அவர் குறிப்பது அதையன்று, தம் மதகுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நாளை. தண்ணீர் பிந்திக் குறுவை கைவிட்டுப்போன ஆண்டுகளில் தம் பிரார்த்தனைகள் இரண்டு வரிகளாகக் குறுகிவிட்டதை அந்தப் பக்கங்களே தமக்குக் காட்டின என்றார். அதைக் கண்டு முதலில் வருந்தியதாகவும், பிறகு அந்த இரண்டு வரிகளையும் திருத்தாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

டெல்டாவில் பழைய வீடுகள் நாள்தோறும் விலைபோகின்றன. பித்தளைப் பாத்திரங்களையும் தேக்குத் தூண்களையும் எடை பார்க்கும் நாம், பரணில் கிடக்கும் நீள நோட்டுகளைக் கிலோக் கணக்கில் கொடுத்துவிடுகிறோம். கொடுக்குமுன் பக்கங்களின் தலையை ஒருமுறை பாருங்கள். சிலுவைக் குறியோ, 786 என்ற எண்ணோ, சுழியோ, எது இருக்கிறது, எங்கே இல்லாமற்போயிற்று என்று பாருங்கள். பிறகு உங்கள் நோட்டை எடுத்து இன்றைய தேதியையும், இன்று காலை வீட்டில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். தலையில் சுழி போடுவதா வேண்டாமா என்பதை நாளைக்கும் தீர்மானிக்கலாம்.