பர்கூர் மலையில் பட்டி இருக்குமா?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் செம்பழுப்புத் தோலில் வெள்ளைத் திட்டுகளோடு நிற்கும் பர்கூர் மாட்டைத் தனியாக அடையாளம் காட்ட வேண்டியதில்லை. அது வளர்வது வீட்டுக் கொட்டிலில் அல்ல, மலைக்காட்டுப் பட்டியில்.

அந்தக் காட்டின் பெரும்பகுதி 2024 ஜனவரியில் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்தியூர், கோபி வட்டங்களில் சுமார் 80,000 ஹெக்டேர். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தையும் கர்நாடகக் காடுகளையும் இணைக்கும் இந்த யானை வழித்தடம் அறுந்துபோனால் பிறகு ஒட்டவைக்க முடியாது. ஆகவே, அரசின் தொலைநோக்கில் குறை சொல்ல இடமில்லை.

சிக்கல் மேய்ச்சலில்தான். சரணாலயங்களுக்குள் கால்நடை மேய்க்க 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது. ஆனால், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ மேய்ச்சலையும் சமூக உரிமையாக ஏற்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டை ஓட்டிக்கொண்டு நிற்பவர் எந்தப் பக்கம் போவார்?

நாளைய புலிக்காக இன்றைய மாட்டுக்காரர் கொஞ்சம் பொறுக்கட்டும் என்பார்கள் சிலர். சென்னையில் உட்கார்ந்து சொல்வது சுலபம். பர்கூர் இனத்தைக் காக்க ஆராய்ச்சி நிலையம் வைத்திருப்பதும் அரசுதான். அந்த மாடும் எதிர்காலச் சொத்துதானே! மேய்ச்சல் நின்றால் பட்டி கலையும், மாடு அடிமாட்டுக்குப் போகும்.

கிராம சபைகளின் உரிமைக் கோரிக்கைகளை அரசு முதலில் தீர்த்து, மேய்ச்சல் எல்லையை மாட்டுக்காரர்களோடு நடந்தே குறிக்கட்டும். வேலி, பலகை, அபராதமெல்லாம் அதற்குப் பிறகு.