ஆறு போர்ட் சார்ஜரும் அரைகுறை சார்ஜும்!

எங்கள் வீட்டில் போன், டேப்லெட் எல்லாம் சேர்த்து நான்கு. ஹாலில் இருப்பதோ ஒரே ஒரு பிளக் பாயின்ட். 'என் போனை யார் கழற்றினது?' என்று தினமும் பஞ்சாயத்துதான். அதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்து, 350 ரூபாய் கொடுத்து ஆறு போர்ட் உள்ள யு.எஸ்.பி. சார்ஜர் வாங்கி வந்தேன். 'ஆறையும் ஒரே நேரத்துல போடலாம்க்கா' என்றார் கடைக்காரர்.

ஒருநாள் ராத்திரி முழுக்க கரன்ட் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு வந்ததும், நான்கையும் ஒன்றாக மாட்டினேன். என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். சவாரி எல்லாம் போனில்தான் வரும். ஆறு மணிக்கு அவர் கிளம்பும்போது போனில் இருபது சதவீதம்கூட ஏறவில்லை. சார்ஜரோ கை வைக்க முடியாத சூடு! பத்து மணிக்கெல்லாம் போன் அணைந்துபோய், ஒரு நல்ல சவாரி கைவிட்டுப் போனது. 'ஒரு சார்ஜர் பார்த்து வாங்கத் தெரியலையா?' என்று அவர் கேட்டது சுருக்கென்றது.

மதியம் வேலை முடிந்ததும் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், '5 வோல்ட், மொத்தம் 3.1 ஆம்பியர்' என்றிருந்தது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. பெருக்கினால் 15.5 வாட். நான்காகப் பங்கு போட்டால் ஆளுக்கு நாலு வாட்கூடத் தேறாது. அவர் போனுக்கு மட்டுமே 18 வாட் வேண்டும். கால்படி அரிசி பொங்கி ஆறு இலை போட்ட கதைதான்!

விவரம் கேட்க அதே கடைக்குப் போனால், 'அதெல்லாம் உங்களுக்கு எதுக்குக்கா? சாரைக் கூட்டிட்டு வாங்க' என்கிறார். காசு கொடுக்கும்போது மட்டும் சார் தேவைப்படவில்லையே!

பிறகு நானே கணக்குப் போட்டேன். அவர் போனுக்கு 18, என் போனுக்கு 10, மகளின் டேப்லெட்டுக்கு 10, மாமியாரின் பட்டன் போனுக்கு 2.5, மொத்தம் 40.5 வாட். வேறு கடையில் 65 வாட் சார்ஜர் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்டை மட்டும் நம்பக் கூடாது. எல்லா போர்ட்டிலும் மாட்டினால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு வரும் என்பதையும் படிக்க வேண்டும். நம் போனுக்கு டைப்-சி போர்ட் வேண்டுமா, அதன் வேக சார்ஜ் முறை இதில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண் இல்லாவிட்டால் தொடவே வேண்டாம்.

'பெரிய சார்ஜரில் போட்டா சின்ன போன் கெட்டுடுமே' என்று மாமியார் பயந்தார். தரமான சார்ஜரில் அந்தப் பயம் இல்லை. போன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும்.

பருப்பு பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கும் நமக்கு, சார்ஜரில் வாட் பார்ப்பது பெரிய வித்தையா? 'அது ஆம்பளைங்க சமாச்சாரம்' என்று ஒதுங்கினால், நஷ்டம் நம் வீட்டுக்குத்தான். என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.