அந்தப் பொடியன் ஏன் கைகளை வெளியே எடுத்தான்?

1994ஆம் ஆண்டுப் பனிக்காலம். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு சந்திக்கடை. பகலில் தொழிற்சாலை வேலையை முடித்துவிட்டு, பின்னேரம் ஆறு மணியிலிருந்து நள்ளிரவு வரை அந்தக் கடையில் நின்றேன். கடை எங்கள் ஊர்க்காரர் ஒருவருடையது. வேலை பழக்கிய முதல் நாள் அந்த அண்ணை மூன்று விஷயங்களைச் சொல்லித் தந்தார். லொட்டரி மெசினில் சீட்டு அடிப்பது எப்படி, சிகரெட் பெட்டிகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பன இரண்டு. மூன்றாவதுக்கு, கூரை மூலையில் தொங்கிய வட்டக் கண்ணாடியைக் காட்டினார். "தம்பி, கறுவல் வந்தா இதைப் பார். கண் எடுக்காத."

ஏன் என்று நான் கேட்கவில்லை.

தை மாதத்து இரவொன்றில், பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க கறுப்பினப் பொடியன் ஒருவன் உள்ளே வந்தான். மேலங்கிப் பைகளுக்குள் கைகளை விட்டபடி நேரே பால் இருக்கும் குளிர்பெட்டியடிக்குப் போய் அதன் முன்னால் நின்றுவிட்டான். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. கண்ணாடியில் அவன் முதுகு மட்டும் தெரிந்தது. நான் மேசையை விட்டு வெளியே வந்து அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒழுங்காக இருந்த சிப்ஸ் பைகளை மறுபடியும் ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன். அவன் திரும்பிப் பார்த்தான். நான் எதற்கு அங்கே நிற்கிறேன் என்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. வலது கையைப் பையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினான். உள்ளங்கை நிறையச் சில்லறை. நாலு லீற்றர் பாலுக்குக் காசு காணுமா என்று எண்ணிக்கொண்டு நிற்பதாகச் சொன்னான். காணவில்லை. ஒரு லீற்றர் பெட்டியொன்றை எடுத்துவந்து, சில்லறையை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் அவன் அந்தக் கடைக்கு எத்தனையோ தடவை வந்தான். வெளியே என்ன குளிரென்றாலும், கதவைத் திறக்க முன்னரே இரண்டு கைகளையும் பைகளிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டுதான் வந்தான். அவன் திருந்திவிட்டான் என்று நான் அப்போது நினைத்தேன். அவன் திருந்த வேண்டிய குற்றம் எதையும் செய்திருக்கவில்லை என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் பிடித்தன.

இது என் ஒருவனுடைய கதை என்றால் எனக்குள்ளேயே வைத்திருப்பேன். ரொறொன்ரோவிலும் அதைச் சுற்றியும் கடை வைத்த எங்களில் பலர், கடையில் நின்ற எங்களில் மிகப் பலர், இதையே செய்தோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் கறுப்பினப் பிள்ளைகளின் முதுகுப்பைகளை வாசலில் கழற்றி வைக்கச் சொன்னோம். மற்றப் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் கேட்ட பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்கினோம்; கறுப்பினத்தவர் கேட்டால் முதலில் காசைக் காட்டச் சொன்னோம். ஒருவருக்கு மிச்சக் காசைக் கையில் கொடுத்தோம். மற்றவருக்கு மேசையில் வைத்துத் தள்ளினோம். இவற்றையெல்லாம் அவர்கள் கவனிக்கிறார்கள் என்பதை மட்டும் நாங்கள் கவனிக்கவில்லை.

கறுவல், காப்பிலி என்ற சொற்களை எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு முன்னால் கூசாமல் சொன்னோம். வெறும் அடையாளத்துக்குச் சொல்வதுதானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டோம். எங்களை ஒருவன் தென்னாசியரை இகழும் "பாக்கி" என்ற சொல்லால் கூப்பிட்டபோது, அவனும் வெறும் அடையாளத்துக்குத்தான் சொல்கிறான் என்று எங்களில் ஒருவராவது எடுத்துக்கொண்டோமா?

களவு போகவில்லையா என்று கேட்பீர்கள். போனது. இரவுக் கடையில் தனியாக நிற்பவனின் பயம் பொய்யில்லை. அந்தப் பயத்தோடு நானும் நின்றிருக்கிறேன். சிகரெட்டிலும் லொட்டரியிலும் கிடைக்கும் இலாபம் சொற்பம். ஒரு பெட்டி களவு போனாலே அன்றைய உழைப்பு போய்விடும். ஆனால் நாங்கள் செய்த காவல் எப்படிப்பட்டது என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஒரு நிறத்தவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், பிடிபடுகிறவரும் அந்த நிறத்தவராகத்தான் இருப்பார். பிறகு அதையே சாட்சியாக வைத்து, "பார்த்தாயா, சொன்னேன்தானே" என்கிறோம். நாங்கள் பார்க்காத பக்கத்தால் போன சாமானுக்குக் கணக்கே இல்லை. நான் நின்ற கடையில் ஒரு வருடமாகக் கணக்கு உதைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால், சாமான் இறக்க வந்தவர் ஒவ்வொரு முறையும் பெட்டிகளைக் குறைத்தே இறக்கியிருக்கிறார். அவர் கறுப்பினத்தவர் இல்லை. அவருக்கு நாங்கள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சந்தேகிக்கப்படுவது எங்களுக்குத் தெரியாத வலியா? கனடா வர முன்னர், 1992இல், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் ஏஜென்சிக்காரனுக்காகக் காத்துக்கிடந்தேன். ஒரு நாள் சூட்கேஸ் வாங்கப் புறக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்த முகத்தோடுதான் வரவேற்றார். என் உடைந்த சிங்களம் காதில் விழுந்ததும் அவருடைய முகம் மாறியது. கையிலிருந்த பையைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே ஒரு சாரமும் துவாயும் இருந்தன. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். சூட்கேஸ் வாங்காமலே திரும்பினேன். அந்த நாட்களில் காவலரணைத் தூரத்தில் கண்டதுமே, யாரும் கேட்காமலே, என் கை தானாக அடையாள அட்டையை எடுத்துவிடும். எங்கள் தலைமுறையில் கொழும்புத் தெருவில் நடந்த எல்லோருடைய கையும் அப்படித்தான் பழகியிருந்தது.

அந்தப் பொடியனின் கைகளும் அப்படித்தான் பழகின. அவனைப் பழக்கியவன் நான்.

இந்தப் பார்வையைக் கனடாவில்தான் கற்றுக்கொண்டோம் என்று சொல்லித் தப்பவும் முடியாது. அதை ஊரிலிருந்தே கொண்டுவந்தோம். யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினரை உள்ளே விடாமல், வெளியே நிற்கவைத்துத் தனிப் பேணியில் தேநீர் ஊற்றிய சமூகம் எங்களுடையது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் வந்ததற்காக எங்கள் கடைக்காரர்கள் கதவைத் திறக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் அந்த மக்கள் அடிபட்டும் உயிர்களைப் பறிகொடுத்தும் தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்த பிறகே கதவுகள் திறந்தன. வாசலில் நிற்கும் ஆளைப் பார்த்து, இவர் உள்ளே வரத்தக்கவரா என்று எடைபோடும் கண் எங்களுக்கு ஏற்கனவே இருந்தது. விமானம் ஏறியபோது அதையும் கூடவே கொண்டுவந்து, இங்கே ஆளை மட்டும் மாற்றிக்கொண்டோம்.

எங்கள் தேநீர்க்கடைப் போராட்டத்துக்குப் பத்து வருடங்களுக்கு மேல் முன்னரே, நாங்கள் வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் அதே போன்ற ஒரு போராட்டம் நடந்திருக்கிறது. டிரெஸ்டன் என்பது தென்மேற்கு ஒன்ராறியோவில் உள்ள சிறிய ஊர். அமெரிக்காவின் அடிமைமுறையிலிருந்து தப்பிவந்தவர்களின் வழித்தோன்றல்கள் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். ஆனால் அந்த ஊரின் உணவகங்களில் அவர்களுக்குச் சாப்பாடு இல்லை. முடிதிருத்தும் கடைகளில் இடமில்லை. ஹியூ பேர்னெட் என்ற தச்சுத்தொழிலாளி இதை எதிர்த்து ஆட்களைச் சேர்த்தார். 1949இல் ஊரிலே வாக்கெடுப்பு நடந்தது. பாகுபாட்டைத் தடுக்க வேண்டாம் என்றே பெரும்பான்மையானோர் வாக்களித்தார்கள். பேர்னெட் விடவில்லை. 1954இல் ஒன்ராறியோ அரசு சட்டம் கொண்டுவந்தது: கடை, உணவகம் போன்ற பொது இடங்களில் இனம், நிறம், மதம் பார்த்து ஒருவரை மறுக்கக்கூடாது. அங்கும் சட்டம் வந்த மறுநாளே கதவு திறக்கவில்லை. ஜமைக்காவில் பிறந்த தொழிற்சங்கவாதி புரோம்லி ஆம்ஸ்ட்ரோங் போன்றவர்கள் ரொறொன்ரோவிலிருந்து டிரெஸ்டனுக்குப் போய், அங்கிருந்த உணவகத்தில் உட்கார்ந்து, பரிமாற மறுப்பதை நேரில் நிரூபித்து வழக்காட வேண்டியிருந்தது. 1962இல் ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டக்கோவை வந்தது. அதைச் செயற்படுத்தும் ஆணைக்குழுவின் முதல் இயக்குநர் டானியல் ஹில், ஒரு கறுப்பினச் சமூகவியலாளர்.

இலங்கையில் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு நாங்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினோம். எந்தக் கடைக்குள்ளும் போகலாம், எந்த உணவகத்திலும் உட்காரலாம், கடை வாடகைக்கு எடுக்கலாம். அதெல்லாம் இந்த நாட்டின் இயல்பான நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டோம். அந்தக் கதவுகளைத் தள்ளித் திறந்தவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் வட்டக் கண்ணாடியில் வேவு பார்த்தோம்.

எங்கள் லாச்சிக்குள் ஒவ்வொரு நாளும் வந்து விழும் பத்து டொலர் நோட்டை எடுத்துப் பாருங்கள். 2018 முதல் அதில் இருக்கும் முகம் வயோலா டெஸ்மண்ட். ஹலிபாக்ஸில் சொந்தமாக அழகுக்கலை நிலையம் நடத்திய கறுப்பினப் பெண். 1946 நவம்பரில் நியூ கிளாஸ்கோ என்ற ஊரில் கார் பழுதாகிவிட, நேரத்தைப் போக்கப் படம் பார்க்கப் போனார். கறுப்பினத்தவர் மேல்மாடத்தில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். கீழ்த்தள இருக்கைக்குரிய மிச்சக் காசைத் தருகிறேன் என்றார், வாங்க மறுத்தார்கள். எழும்ப மறுத்த அவரைப் பொலிசார் இழுத்துக்கொண்டுபோய் இரவு முழுக்க அடைத்து வைத்தார்கள். இரண்டு இருக்கைகளுக்கும் இடையிலான கேளிக்கை வரி வித்தியாசம் ஒரு சதம். அந்த ஒரு சத வரியை ஏய்த்தார் என்று குற்றம் சாட்டி 20 டொலர் தண்டமும் 6 டொலர் செலவும் விதித்தார்கள். 1965இல் அவர் இறந்தார். மன்னிப்பு 2010இல்தான் வந்தது.

அது பழைய காலம் என்று சொல்லிவிட முடியாது. ரொறொன்ரோவில் ஒரு மருந்துக்கடையில் 2011இல் ஒரு கறுப்பினப் பெண்ணைக் களவு எடுத்ததாகச் சந்தேகித்து அவருடைய பையைச் சோதித்தார்கள். அவர் எதையும் எடுத்திருக்கவில்லை. நான்கு வருடங்கள் கழித்து, அது இனத்தைப் பார்த்து எழுந்த சந்தேகம் என்று ஒன்ராறியோவின் மனித உரிமைத் தீர்ப்பாயம் முடிவு செய்து, 8,000 டொலர் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. எங்கள் கடைகளில் அப்படிச் சந்தேகிக்கப்பட்டவர்கள் வழக்குக்குப் போகவில்லை. அதனால் நாங்கள் குற்றமற்றவர்கள் ஆகிவிடவில்லை.

இந்தச் சந்தேகம் எதுவரை போகும் என்பதற்கு லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு கதை இருக்கிறது. 1991 மார்ச் 16. லற்றாஷா ஹார்லின்ஸ் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, 1.79 டொலர் விலையுள்ள தோடம்பழச்சாறுப் போத்தலைத் தன் பையில் வைத்துக்கொண்டு காசு கொடுக்க மேசையடிக்கு வந்தாள். களவெடுக்கிறாள் என்று கடைக்காரப் பெண் பையைப் பிடித்து இழுத்தார். கைகலப்பு ஆனது. போத்தலை மேசையில் விட்டுவிட்டுத் திரும்பிப் போன சிறுமியைப் பின்னாலிருந்து சுட்டார். விழுந்து கிடந்தவளின் கையில் இரண்டு டொலர் இருந்தது. கடைக்காரப் பெண் கொரியாவிலிருந்து குடியேறியவர். எங்களைப் போலவே நாளெல்லாம் கடையில் நின்று உழைத்தவர். எங்களைப் போலவே பயத்தோடு நின்றவர். நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. அடுத்த வருடம் கலவரத்தில் அந்த நகரம் பற்றி எரிந்தபோது, "பாவம், கொரியர்களின் கடைகள் எல்லாம் போய்விட்டன" என்று நாங்கள் கவலைப்பட்டோம். அந்தச் சிறுமியின் பெயரை எங்கள் வீடுகளில் எவரும் சொல்லி நான் கேட்கவில்லை.

எங்கள் தவறு கண்ணாடியோடு முடியவில்லை. அதைப் பற்றி இத்தனை வருடங்களாகக் கதைக்காமல் விட்டது அதைவிடப் பெரிய தவறு. எத்தனை ஊர்ச்சங்கங்கள், எத்தனை கோயில் திருவிழாக்கள், எத்தனை வானொலி நிகழ்ச்சிகள், எத்தனை பத்திரிகைகள்! எங்களுக்கு நடந்த அநீதியைப் பற்றி ஆயிரம் மேடைகளில் பேசினோம், பேச வேண்டியதுதான். எங்கள் கையால் நடந்ததைப் பற்றி ஒரு மேடையிலாவது பேசினோமா? எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்ளும் நானும் இத்தனை காலம் எழுதவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கிறது. ஒரு நாள் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டாள்: "அப்பா, என்ர பிரெண்ட் எங்கட ஆக்களின்ர கடைக்குத் தான் தனியப் போறதில்லையாம். நான் கூடப் போனாத்தான் போவாவாம். ஏன்?" அந்தச் சிநேகிதி எங்கள் வீட்டில் இருந்து புட்டும் கோழிக்கறியும் சாப்பிட்ட பிள்ளை, கறுப்பினப் பிள்ளை. மகளுக்கு விடை தெரியும். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கவே கேட்டாள். என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கடை வைத்திருக்கும் உறவுகளே, உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியங்கள் அல்ல. பையை வாசலில் வைக்கச் சொல்வதென்றால் எல்லோரிடமும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒருவரிடமும் சொல்லாதீர்கள். வேலைக்கு வரும் பொடியனுக்கும் பிள்ளைக்கும் முதல் நாளே, நிறத்தைப் பார்த்து ஒருவருக்கும் பின்னால் போகக்கூடாது என்று சொல்லிப் பழக்குங்கள். தவறாகச் சந்தேகப்பட்டுவிட்டால், அந்த இடத்திலேயே, அந்த ஆளிடமே மன்னிப்புக் கேளுங்கள். கறுவல், காப்பிலி என்ற சொற்களை வீட்டிலும் நிறுத்துங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் கறுப்பினப் பிள்ளைக்கும், எங்கள் பிள்ளையிடம் கேட்பதுபோல, என்ன வேண்டும் என்று முகம் பார்த்துக் கேளுங்கள்.

அந்தப் பொடியனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை, அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல், இங்கே எழுதி வைக்கிறேன். நாளைக் காலை உங்கள் கடையைத் திறந்ததும் அவனைப் போல் ஒரு பிள்ளை உள்ளே வரும். மிச்சக் காசை மேசையில் வைக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள்.